இருநூற்றுப் பன்னிரண்டு

ஊர்ப்பெயரே மூன்றடைப்பு,
அதனால்தான் வெள்ளைக்காரன் மூன்று கேட் வைத்தான் என்பார்
சலவைப் பகுதி ஞானசிகாமணி.
பொய்.
குவார்ட்டர்ஸில் பிறந்த எங்களுக்கு
அதற்கு மேல் சரித்திரம் தேவைப்படவில்லை.

முதல் கேட்டில் கும்பிடு.
இரண்டாவதில் சோதனை.
மூன்றாவது கேட்டில் பேச்சு தானாக நின்றுவிடும்.
அந்தப் பக்கம் கோர்ட்டு அனுப்பிவைத்தவர்கள்:
களக்காட்டில் அண்ணனை வெட்டியவர்,
ராதாபுரத்தில் வைக்கோல்படப்போடு சொந்த வீட்டையும் கொளுத்தியவர்,
என்ன செய்தார் என்கிற தாளே தொலைந்துபோய்
முப்பத்தோரு வருஷமாக இருப்பவர்.

திங்கள்கிழமை பத்து மணிக்குச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள்.
நாங்குநேரி பஸ் கண்டக்டர் கடிகாரம் திருத்திக்கொள்வார்.
மற்ற நேரம் ஊதினால்
கதவைச் சாத்து, அரிவாள்மனையை உள்ளே எடு.
என் பள்ளிக்கூட வயதில் ஒரே ஒரு தடவை ஊதியது.
சுவிட்சுக்குள் பல்லி.

அம்மா வார்டுக்குள் கால் வைத்ததே இல்லை.
ஆனாலும் ராத்திரி கரண்டிகளை எண்ணித்தான் கவிழ்ப்பாள்.
சேலைக்கு ஊக்கு குத்தமாட்டாள்,
நர்ஸ் சலேத்மேரியைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.
பி வரிசைக்கும் சி வரிசைக்கும் நடுவில் வேலி கிடையாது,
சம்பளம் உண்டு.
கம்பவுண்டர் மகளை எலக்ட்ரீஷியன் மகன் கட்டிய வருஷம்
ஆறு மாதம் தனித்தனிக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

அம்மன் கொடைக்கு வில்லடிக்கிற சத்தம் மதிலைத் தாண்டிப் போகும்.
உள்ளேயிருந்து யாரோ ஒருவர்
தகரத்தட்டில் தாளம் போடுவார், கொஞ்சம் பிந்தி.
பூதலிங்கம் அண்ணாவி வீசுகோலை நிறுத்தி,
அந்தத் தட்டு முடியும்வரை நின்று
அடுத்த வரியை எடுப்பார்.

ஐப்பசி கடைசி. மூன்று நாள் மழை.
பின்மதிலில் வாகைமரம் சாய்ந்து
ஓர் ஆள் நுழைகிற உடைப்பு.
ஒன்பது மணி எண்ணிக்கை முடித்து
அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்:
இருநூற்றுப் பன்னிரண்டு. சரி.
பலவேசம், தலைமை வார்டர்.

பதினொன்றேகாலுக்கு
முழங்கால்வரை சகதியோடு
வெளியே நின்று கேட்டைத் தட்டினார் உச்சிமாகாளி.
“குளம் பெருகிட்டு வே. மறுகால் பாயுது.
பாத்துட்டு வந்துட்டேன். தொறங்க.”
குருசுமிக்கேல் டார்ச் அடித்து நோட்டைப் பார்த்தார்.
“எல்லாரும் உள்ளதான் இருக்காவ. நீரு யாரு?”
“நாந்தான்.”
“நீரு உள்ள இருக்கீரு வே.”
“அதுக்கு நான் என்ன செய்ய?”

கணக்கு சரியாக இருந்ததால்
அரைமணி நேரம் நனைந்தார்.

குடையோடு அப்பா போய்
கட்டில் கட்டிலாக மறுபடி எண்ணினார். இருநூற்றுப் பதினொன்று.
இன்னொரு தடவை. இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாம் தடவை, கடைசி வார்டு கடைசிக் கட்டிலோரம்
விரல் நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார்.
அரிக்கேன் பிடித்து நின்ற ஒருவனையும் சேர்த்து
அந்த விரல் எண்ணியிருக்கிறது.

சங்கு ஊதவில்லை.
நோட்டில் ஒன்றும் ஏறவில்லை.
கருப்பட்டிக் காப்பி மூன்று தம்ளர்,
உச்சிமாகாளிக்கு அப்பாவின் துண்டு.
குளம் எந்த மடைவரை நிறைந்திருக்கிறது என்று
இரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.
பொதுப்பணித்துறை தை மாதம் வந்து மதிலை அடைத்தது,
நிறம் ஒவ்வாத கல்லால்.

அதற்குப் பிறகு எதை எண்ணினாலும்
“என்னயத் தள்ளி” என்று வாய்விட்டுச் சொல்லித்தான் தொடங்குவார்.
வார்டில், சம்பளக் கவரில்,
இட்லித் தட்டின் முன்னால்கூட.

குடிக்கணக்கு எழுத வந்த வாத்தியார்
வாசலில் நின்று கேட்டார், வீட்டில் எத்தனை பேர்.
“என்னயத் தள்ளி நாலு.”
அவர் அவசரத்தில் இருந்தார், எதிர்வெயில் வேறு.
நாலு என்று எழுதிக்கொண்டு
கதவு நிலையில் சாக்குக்கட்டியால் ஒரு நம்பர் போட்டுவிட்டுப்
பக்கத்து வீட்டுக்குப் போனார்.
அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
திருத்தச் சொல்லி வாயெடுக்கவில்லை.